ஏழு கொடிகளும் ஒரு நிரையும்

மலைநாட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிரைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். என்னை முதலில் தடுமாறச் செய்தது திசை. காவிரிக் கரையில் பிறந்தவனுக்குக் கிழக்கு எது என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு ஓடுகிற பக்கம் கிழக்கு. கோபுர வாசல் பார்க்கிற பக்கம் கிழக்கு. பொகவந்தலாவைத் தோட்டத்தில் நான் கண் விழித்த முதல் நாள், நீராடித் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தால், எப்பக்கமும் மூடுபனி. சூரியன் இருக்குமிடம் தெரியவில்லை.

"கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இஞ்ச கிழக்கு எண்டு ஒண்டும் இல்லை, ஐயா. மேல் கணக்கு, கீழ் கணக்கு, அவ்வளவுதான்" என்றார் சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், என்னைத் தம் விடுதியில் தங்க வைத்திருந்தவர். தோட்டத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு கணக்கு என்கிறார்கள். மலையின் மேற்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று. தோராயமாக ஒரு பக்கம் திரும்பி நின்று வணங்கினேன். பிற்பகலில் வெயில் வந்தபோதுதான் நான் தொழுதது வடக்கு என்று தெரிந்தது. இறைவன் எத்திசையிலும் உளன் என்று சொல்லிக்கொண்டாலும், மனம் ஒப்பவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரண்டு மாலைப்பொழுது சொற்பொழிவு செய்ய என்னை அழைத்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு நான் கடல் கடந்தது அதற்காகத்தான்.

அட்டன் நகரிலிருந்து என்னை ஏற்றி வந்த பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலைச்சாலை வளைவுகளில் அது ஒரே மூச்சில் திரும்பாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டும். பின்னே வரும்போதெல்லாம் நடத்துநர் கையில் ஒரு மரக்கட்டையுடன் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார். ஒரு வளைவில் கட்டை நழுவியது. எல்லோரும் இறங்கி நடந்தோம். முட்டைக்கோசுக் கூடையோடு வந்த ஒரு சிங்களக் கிழவி ஓட்டுநரைப் பார்த்து ஏதோ சொன்னாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நீ பின்னால் வந்த தூரத்தை எல்லாம் முன்னால் போயிருந்தால், நான் இந்நேரம் வீட்டில் சோறு வடித்திருப்பேன் என்கிறாள்."

தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டியும், தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலும் காலை உணவு. சம்பல் நாவுக்கு அமிர்தமாக இருந்தது. இரண்டாம் ரொட்டிக்கும் கேட்டு வாங்கிய பிறகுதான், அதில் மாசிக் கருவாட்டுத் தூள் சேருவது வழக்கம் என்று அறிந்தேன். சபாரத்தினம் பதறிப்போய், "இது மாசி போடாதது, ஐயா! உங்களுக்கெண்டு தனியா இடிப்பிச்சது" என்று மூன்று முறை சொன்னார். நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது?

அன்று சனிக்கிழமை. பகலில் பெரிய கங்காணி என்னைக் காண வந்தார். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் அணிந்த பருத்த மனிதர். இரு கணக்குத் தொழிலாளரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கேள்வி. அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும், கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி நெற்றியில் தடம் விழுந்திருந்தது. பெயர் ராக்காயி, கீழ்க் கணக்குக்காரி.

"சாமி ஒரு முடிவு சொல்லணும்" என்றார் கங்காணி. "சாமி சொன்னா ரெண்டு கணக்கும் கேக்கும்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. தேர்த்திருவிழாவில் வடத்தின் தலைப்பை முதலில் தொட்டு இழுப்பது யார் என்பதில் மேல் கணக்குக்கும் கீழ்க் கணக்குக்கும் ஆண்டுதோறும் அடிதடி நடந்ததாம். தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது பெரியதுரைக்கு அடுத்த இளம் வெள்ளைக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். அங்கே வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காடுகளில் வழி கண்டுபிடிக்கும் ஓட்டம் ஒன்றைப் பழகியவர். அவர் ஒரு வழி சொன்னார். தேயிலை மலைகளில் ஆங்காங்கே சிவப்புக் கொடிகள் நடப்படும். கொடிகள் இருக்குமிடம் குறித்த வரைபடம் ஒன்றை ஓடுபவர் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் விருப்பம். ஒவ்வொரு கொடியிலும் கட்டியிருக்கும் நூலில் ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் திரும்பி வருபவருக்கே வடத்தின் தலைப்பு. அதன்பின் அடிதடி இல்லை.

"ஆம்பளைக்கு ஏழு கொடி. பொம்பளைக்கு நாலு கொடி" என்றார் கங்காணி. "ஏழு கொடியில ஜெயிச்சவனுக்கு வடம். நாலு கொடியில ஜெயிச்சவளுக்குப் பித்தளைச் செம்பு. இவ என்னடான்னா, செம்பு வேணாம், ஏழு கொடி ஓடுறேங்கிறா."

"ஏன் அம்மா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மகளுக்கு அம்மை போட்டு ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சுங்க. கண்ணத் தொறந்துவிடு தாயே, ஒன் தேரு வடத்த மொதக் கையா நான் தொட்டு இழுக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். தொறந்துருச்சுங்க. இப்ப நல்லாப் பாக்குது."

"செம்ப வச்சு நேத்திக்கடன் கழிக்க முடியுங்களா, சாமி?" என்றும் கேட்டாள்.

பதிகங்களை மனனம் செய்து வளர்ந்தவன் நான். பக்தி ஆண் பெண் பாராது என்பதை எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! ஆனால் மலையில் ஓடும் தூரத்தைப் பற்றி எந்த அடியாரும் எனக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

சபாரத்தினம் இடையில் புகுந்தார். "ஏழு கொடியெண்டா பெண்டுகளுக்கு மூச்சு வாங்கும், ஐயா. சின்னத்துரையின்ர ஊரிலயும் பெண்களுக்குக் குறைஞ்ச தூரந்தானாம். அது அவமதிப்பில்லை, கரிசனை."

"வாத்தியாரையா," என்றாள் ராக்காயி, "கொழுந்துக்குப் போகையில பொம்பளைக்குன்னு பாதி மலையா ஒதுக்கியிருக்காங்க? கூடையச் சொமந்துக்கிட்டு முழு மலையும் ஏறுறோம். சும்மா ஓடுறதுக்கு மட்டும் பாதி மலையா?"

கங்காணி சிரிப்பை மறைக்க இருமினார். ஆசிரியர் சொன்னதும் நியாயம் என்று பட்டது. அவள் சொன்னதும் நியாயம் என்று பட்டது. இரண்டும் நியாயமானால் ஒன்று ஏன் மற்றொன்றை மறுக்கிறது என்பதே விளங்கவில்லை.

மேல் கணக்கின் முதல் ஓட்டக்காரனான கருப்பையாவையும் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த ஓட்டம் தொடங்கிய இரண்டு ஆண்டும் வென்று வடம் பிடித்தவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிச் சீர் செய்வது அவன் வேலை. தோள்கள் மதில் போல இருந்தன.

"ராக்காயி ஓடினால் உனக்கு என்னப்பா?"

"எனக்கு ரெண்டு பக்கமும் நட்டங்க, சாமி" என்றான் அழாத குறையாக. "நான் தோத்தா லயத்து வீடுகள்ல தலை காட்ட முடியாது. ஜெயிச்சா, போயும் போயும் ஒரு பொம்பளையத்தான ஜெயிச்சேம்பானுங்க. இது ஓடாம இருந்தா நான் நிம்மதியா ஜெயிப்பேங்க."

அன்று மாலை சொற்பொழிவு. உமைக்குத் தன் மேனியில் பாதியைத் தந்த பெருமானைப் பற்றிப் பேசுவதென்று ஊரிலேயே தீர்மானித்திருந்தேன். இப்போது வேறு பொருளுக்கு மாற நேரமில்லை. பாதி தந்த கருணையை நான் உருக்கமாக விரித்துரைத்தேன். பெண்கள் பக்கம் ஏதோ முணுமுணுப்பு எழுந்தது. நிறுத்தினேன்.

"கேட்க வேண்டியதைக் கேளுங்கள், அம்மா."

ஒருத்தி எழுந்து, "ஏழுல பாதி மூணரைங்களா, சாமி?" என்றாள்.

"ஆம்."

"அப்படின்னா நாலு கொடி குடுத்த எங்க சின்னத்தொரை, சாமிய விடத் தாராளம்!"

பந்தல் அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு பேச்சை எங்கே விட்டேன் என்பது நினைவுக்கு வரவில்லை. உமையம்மைக்குக் கிடைத்த பாதி சரிபாதி. அது குறைவு அன்று. ஆனால் இங்கே பாதி என்பது குறைவாகிவிட்டதே. ஒரே சொல் கோயிலில் ஒரு பொருளும் மலையில் வேறு பொருளும் தருமா? முப்பது ஆண்டுகள் இதைப் பேசிய நான் ஒருநாளும் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

சொற்பொழிவு முடிந்ததும் கங்காணி பதிலுக்கு நின்றார். "ஓடட்டும்" என்றேன். அதைத் தெளிவோடு சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம். நேர்த்திக்கடனைத் தடுக்க நான் யார் என்ற அச்சத்தினால் சொன்னது.

ஞாயிறு காலை தொழிற்சாலைக்கு எதிரே மைதானத்தில் கூட்டம். சாயத் தண்ணீர் கொடுத்தார்கள். பால் சேராத தேநீர். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். எனக்கு அந்த வித்தை வரவில்லை. சீனியை முதலிலேயே விழுங்கிவிட்டுக் கசப்பைத் தனியே குடித்தேன்.

சின்னத்துரை காற்சட்டைப் பையில் கையை விட்டபடி வந்தார். ராக்காயி ஏழு கொடி வரிசையில் நிற்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு தோளைக் குலுக்கி, "சாமி சரி சொன்னது, நான் சரி" என்றார் தம் தமிழில். மைதானத்துக்கு மேலே ஒரு பாறையில் எனக்கு நாற்காலி போட்டுத் தம் தூரக்கண்ணாடியையும் தந்தார். வரைபடம் ஒன்றை என் மடியில் விரித்து, கொடிகள் இருந்த இடங்களை விரலால் காட்டினார். அவர் போட்ட கோடுகளெல்லாம் கொடிக்குக் கொடி நேராக இருந்தன.

தப்பு முழங்கியது. ஓடினார்கள். பனி திறந்து திறந்து மூடியது. ஒரு கணம் யாரையும் காணோம். மறுகணம் எதிர்மலையில் எறும்புகள் போல நால்வர். ராக்காயி சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கச்சை கட்டியிருந்தாள். அவள் நீல ரவிக்கையை வைத்து நான் அடையாளம் கண்டுகொண்டேன். மூன்றாம் கொடியில் மூன்றாவதாக வந்தாள். ஐந்தாம் கொடியில் கருப்பையாவும் அவளும் மட்டுமே முன்னால். ஆறாம் கொடியை அவள்தான் முதலில் தொட்டாள். கீழே கீழ்க் கணக்குப் பெண்கள் குலவையிட்டார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது எனக்கே தெரியாது.

ஏழாம் கொடி ஒரு தேயிலைச் சரிவின் மறுபக்கம் இருந்தது. சரிவின் ஒரு பகுதியில் கொழுந்து பறித்தாயிற்று, அது கரும்பச்சை. மறுபகுதியில் பறிக்கவில்லை, அது இளம்பச்சை. ராக்காயி நேரே ஓடி வந்து அந்த இளம்பச்சையின் ஓரத்தில் நின்றாள். நின்றே விட்டாள். இடமும் வலமும் பார்த்தாள். பிறகு சரிவின் விளிம்பில் ஓடும் நீர்க்கான் என்னும் வடிகாலின் ஓரமாக, அந்த மலை முழுவதையும் சுற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

"ஐயோ, வழி தவறிவிட்டாளே!" என்று கத்தினேன்.

அப்போது கருப்பையா வந்தான். நிற்கவில்லை. இடுப்பளவுச் செடிகளுக்குள் எருமை குளத்தில் இறங்குவது போல இறங்கினான். கிளைகள் முறிகிற ஓசை பாறை வரை கேட்டது. குறுக்கே விழுந்து கொடியைத் தொட்டுத் திரும்பினான். அவன் மைதானத்தில் கால் வைத்தபோது ராக்காயி மைதானத்துக்கு வரும் வழியிலிருந்த ஓடைப் பாலத்தருகே வந்துகொண்டிருந்தாள்.

நான் பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள் மேல் கணக்கு ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். ராக்காயி கையிலிருந்த ஏழு நூலையும் சின்னத்துரையிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏன் சுத்திப் போனது?" என்று கேட்டார் சின்னத்துரை. "நேரே இருக்கு."

"அது அன்னலட்சுமியோட நிரைங்க, தொரை" என்றாள். "நேத்து பாதியில விட்டுட்டுப் போயிருக்கா. நாளைக்கு வந்து பறிக்கணும்."

சபாரத்தினம் எனக்கு விளக்கினார். கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மலையில் செடிவரிசைகள் பல சேர்ந்த ஒரு துண்டு பிரித்துக் கொடுக்கப்படும். அதுவே அவளுடைய நிரை. வேறொருத்தி அதில் கை வைக்க மாட்டாள். பறிக்காத நிரையைக் குறுக்கே மிதித்துத் தாண்டவும் மாட்டாள். அது சட்டம் அன்று. ஆனால் தாண்டியவளோடு லயத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஆண்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அவர்கள் செடியை வெட்டுகிறவர்கள்.

"பந்தயத்துல நிரை ஏதுங்க?" என்றான் கருப்பையா தோள்களின் மேலிருந்தபடியே.

"ஆமாமா, ஒங்களுக்கு ஏது?" என்றாள் கூட்டத்திலிருந்து ஒருத்தி, அவள்தான் அன்னலட்சுமி என்று பிறகு தெரிந்தது. "நாளைக்கு என் கூடையில கொழுந்துக்குப் பதிலா ஒங்க கால் தடத்தப் பறிச்சுப் போடுறேன், மச்சான்!"

சின்னத்துரை என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கினார். ஒரு நூலை அதில் வைத்து ராக்காயி ஓடிய வழியை அளந்தார். பிறகு கருப்பையா ஓடிய வழியை அளந்தார். முதல் அளவு கணிசமாக நீண்டிருந்தது. இருவருக்கும் சமமான தூரம் என்று நேற்றிலிருந்து நாங்கள் வாதாடிய தூரம் சமமாகவே இல்லை.

"அடுத்த வருஷம்" என்று அவர் நூலின் மிச்சத்தை விரலால் காட்டினார், "பெண்ணுக்கு இவ்வளவு குறைப்போம். அப்போ சமம்."

எனக்கு உடனே மனம் குளிர்ந்தது. முடிச்சு அவிழ்ந்தது என்றே எண்ணினேன். தூரம் குறைவாக இருந்தால்தான் சமம். எத்தனை அழகான தீர்வு! அதை ராக்காயிக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "வேணாங்க, சாமி. கொறைச்ச தூரத்துல ஜெயிச்சு வடத்தத் தொட்டா, மாரியாத்தா என்ன கேப்பா? ஏழு கொடின்னா ஏழு கொடிதாங்க."

"அப்படியானால் அடுத்த முறை நிரைக்குள் இறங்கிவிடுவாயா?"

"எறங்குறதா? அது எப்படிங்க?"

"பிறகு எப்படி அம்மா ஜெயிப்பாய்?"

"இன்னும் வேகமா ஓடணும்" என்றாள், என் கேள்விக்கு அதைவிட வேறு பதில் என்ன இருக்கிறது என்பது போல.

அவிழ்ந்த முடிச்சு மறுபடி விழுந்தது.

பிற்பகலில் தேர். பாக்குமரத்தால் கட்டிய சிறிய தேர். காட்டுப் பூக்களால் மறைத்திருந்தார்கள். கங்காணி வடத்தின் தலைப்பை என் கையில் தந்தார். நான் அதைக் கருப்பையாவிடம் தர வேண்டும். தந்தேன். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் இழுக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினான்.

"ஏ ராக்காயி, ரெண்டாங் கையா வந்து புடி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேப்பிலைச் சட்டியை ஏந்தி நின்றவள், பக்கத்தில் நின்ற சிறுமியின் தலையில் கை வைத்தாள். அதுதான் அந்த மகள் போலும். பெரிய, தெளிந்த கண்கள்.

"மொதக் கைன்னுதாண்ணே வேண்டிக்கிட்டேன்" என்றாள் ராக்காயி. "நீங்க இழுங்க. ஆத்தா ஒரு வருஷம் பொறுத்துக்குவா."

தேர் நகர்ந்தது. கருப்பையா தலை குனிந்தபடியே இழுத்தான். ராக்காயி அன்று வடத்தைத் தொடவே இல்லை. நேர்த்திக்கடனில் இத்தனை கண்டிப்பைப் பெரிய மடங்களிலும் நான் கண்டதில்லை. அன்று மாலை என் இரண்டாம் சொற்பொழிவு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை புறப்பட்டேன். சபாரத்தினம் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்ததால், ஒற்றையடிப் பாதையைக் காட்டி, "நேரே இறங்குங்கோ, ஐயா. கீழே மதகடியில பஸ் நிற்கும்" என்று சொல்லி அனுப்பினார். பாதி இறங்கியதும் மேல்வளைவில் பேருந்தின் ஊதல் கேட்டது. பாதை ஒரு தேயிலைச் சரிவில் முடிந்து, கானோரமாக வளைந்து சென்றது. சரிவுக்கு நேர் கீழே சாலை, அதோ மதகு. செடிகளைத் தாண்டி ஒரு பத்துப் பன்னிரண்டு வரிசை இறங்கினால் போதும். செடிகளின் தலையில் இளம்பச்சை அப்படியே இருந்தது. மேலே சற்றுத் தள்ளிப் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டையை இடுக்கிக்கொண்டு முதல் செடியை விலக்கக் கை நீட்டினேன். கை நின்றுவிட்டது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. கானோரமாகவே சுற்றிக்கொண்டு, வேட்டி சேற்றில் தோய, என் வயதுக்கு இயன்ற மட்டும் ஓடினேன். நான் சாலையைத் தொட்டபோது பேருந்து மதகைத் தாண்டி வளைவில் மறைந்தது.

மேலே மலை முழுவதும் சிரித்தது.

"சாமி!" என்று ஒரு குரல் கூவியது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றிக் கயிற்றில் கூடை தொங்க ராக்காயி நின்றாள். "குறுக்கால எறங்கியிருந்தா பஸ்ஸப் புடிச்சிருக்கலாமே!"

"அது யாருடைய நிரை என்று தெரியவில்லையே, அம்மா!" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. அவள் சரிவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னோடதுதாங்க, சாமி."